மைக் டெஸ்டில் பேசியது

என் கணவரின் தம்பி ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து, அந்த எச்சில் விரலால் கேமராவின் கண்ணைத் துடைத்தான். பிறகு சட்டை நுனியால் ஒரு தேய் தேய்த்தான்.

"இப்ப பாருங்க அண்ணி, பளிச்சுன்னு இருக்கும்."

கணினித் திரையின் தலையைக் கவ்விக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கேமராவின் ஓரத்தில் இன்னும் ஈரம் மின்னியது. இந்த எச்சில் வழியாகத்தான் எல்லாரும் என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவனுக்குப் பேட்டரி என்று பெயர். சின்ன வயதில் ஓர் இடத்தில் உட்கார மாட்டானாம், தூங்கும்போதும் கால் ஆடுமாம். வளர்ந்தும் அப்படித்தான். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பான், அதை வெட்டி ஒட்டி இசை சேர்த்துக் கொடுப்பான். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை அவனுடைய ஸ்டுடியோ. கீழே அவனும் என் மாமியாரும் குடியிருந்தார்கள்.

என் கணவர் கட்டட வரைபடம் வரைகிறவர். நானும் அதே தொழில்தான். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் சுவர்களும் ஜன்னல்களும் வரைந்துதான் நாங்கள் பழகினோம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கணினியில் வீட்டு வரைபடம் வரைவது எப்படி என்று பாடம் நடத்தி, திரையை அப்படியே பதிவுசெய்து இணையத்தில் போட ஆரம்பித்தார். பாடத்தில் அவர் முகம் இருக்காது. கோடுகள் நகரும், குரல் கேட்கும், அவ்வளவுதான். "பாக்கறவன் சுவரைப் பாக்கணும், என் மூக்கைப் பாக்கக்கூடாது" என்பார். கூச்ச சுபாவம். குடும்பப் புகைப்படங்களில்கூட யார் தோளுக்காவது பின்னால் பாதி மறைந்துதான் நிற்பார்.

சுவர், கதவு, ஜன்னல், கூரை, கழிவுநீர்க் குழாய் வரைக்கும் முடித்திருந்தார். மாடிப்படி மட்டும் பாக்கி. அதற்குள் வயிற்றில் நோய் வந்து, படுத்து, போய்விட்டார். அவர் போனது தெரியாமல் மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "சார், மாடி கட்டிட்டோம், படி எப்ப சார் வரும்? கயிறு கட்டி ஏறவா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அவர் இருந்திருந்தால் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

படிப் பாடத்தை நானே முடிப்பது என்று முடிவுசெய்தேன். அவர் எப்படிச் செய்திருப்பாரோ அப்படியே, திரையும் குரலும் மட்டும். அவர் பாதி வரைந்து வைத்திருந்த படம் கணினியில் இருந்தது. பழைய மைக்கின் ஒயர்தான் அறுந்திருந்தது. வேறு மைக் கேட்கத்தான் பேட்டரியைக் கூப்பிட்டேன். அவன் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினான். புது மைக், கேமரா, வட்டமாக ஒரு விளக்கு.

"கேமரா எதுக்குப்பா? அண்ணன் ஒருநாளும் வெச்சதில்லையே."

"அதான் அண்ணி தப்பு. முகம் இல்லாம எவன் பாப்பான்? ஆவி பேசுற மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாரி அண்ணி. வாய் தவறி வந்துடுச்சு."

அவனுடைய வாய் அடிக்கடி தவறும்.

வேலை தெரிந்தவன் என்பதை மறுக்க முடியாது. கேமரா கண் மட்டத்துக்கு வரவேண்டும் என்று திரைக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கினான். விசைப்பலகையைத் தட்டும் சத்தம் மேசை வழியாக மைக்குக்கு ஏறும் என்று மைக்கின் அடியில் துண்டை நான்காக மடித்து வைத்தான். மின்விசிறியை நிறுத்தினான், ஃபிரிட்ஜை அணைத்தான், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னான். சத்தம் சம்பந்தப்பட்டதெல்லாம் என் கணவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அறுந்த மைக்கின் மேலிருந்த பஞ்சு உறையைப் பிய்த்து மூக்கருகில் கொண்டுபோய், "ச்சீ, என்னா நாத்தம்! எத்தனை வருஷத்து எச்சில் இது!" என்று குப்பைக் கூடையில் எறிந்தான். அது அவன் அண்ணனின் எச்சில். அவன் ஒத்திகைக்குத் திரையைப் பார்க்கப் போனபோது நான் அதை எடுத்து அலமாரியில் வைத்தேன். எனக்கு எது அருவருப்பு, எது இல்லை என்பதை அன்றைக்குத்தான் நான் பிரித்துப் பார்த்தேன்.

முதல் சண்டை என் முகத்தை எங்கே வைப்பது என்பதில் வந்தது. பதிவுசெய்யும்போது கேமராவில் தெரியும் முகம் ஒரு சின்னக் கட்டமாகத் திரையின் மூலையில் உட்கார்ந்துகொள்ளும். அவன் அதை வலது கீழ் மூலையில் வைத்திருந்தான். நாங்கள் வரையும் மென்பொருளில் அளவுகளைத் தட்டுவது அந்தக் கீழ்ப் பட்டையில்தான். படியின் உயரம் எவ்வளவு, கால் வைக்கும் மிதியின் அகலம் எவ்வளவு என்று மாணவன் பார்க்கவேண்டிய எண்கள் அங்கேதான் வரும்.

"என் தாடை எண்ணை மறைக்குது" என்றேன்.

"மேல தூக்கிடுவோம்."

மேலே தூக்கினான். என் தலை மாடியின் பாதியை மறைத்தது.

"இப்ப வீட்டுக்குள்ள பூதம் புகுந்த மாதிரி இருக்கு."

"அண்ணி, நீங்க எண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஜனங்க உங்களைப் பாக்கணும். அண்ணன் விட்டுட்டுப் போன பாடத்தை அண்ணி முடிக்கறாங்க. சும்மாவா? கேக்கும்போதே எனக்குப் புல்லரிக்குது." கையை நீட்டிக் காட்டினான். உண்மையாகவே முடி நின்றிருந்தது. பிறகு வரவேற்பறையிலிருந்து அவர் படத்தைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில், என் தோளுக்கு மேல் தெரியும்படி வைத்தான். தள்ளி நின்று பார்த்தான். படத்தை இரண்டு விரல் அகலம் நகர்த்தினான். வட்ட விளக்கைப் போட்டான்.

"லேசாக் கண்ணு செவந்திருந்தா நல்லா இருக்கும். ராத்திரி தூங்கலையா அண்ணி?"

"தூங்கினேன்."

"பரவால்ல" என்றான், ஏமாற்றத்தோடு.

படத்தை எடுத்துத் திரும்ப வரவேற்பறையில் வைத்துவிட்டு வந்தேன். கேமரா வேண்டாம் என்றும் சொன்னேன். "சரி அண்ணி, உங்க இஷ்டம், பதிவுல முகத்தைச் சேர்க்கல, போதுமா?" என்றான். கேமராவைக் கழற்றவில்லை. அதை நான் பொருட்படுத்தவில்லை.

மைக் டெஸ்ட் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் என் கணவர் கொஞ்ச நேரம் வாயில் வந்ததைப் பேசிப் பதிவுசெய்வார். ஹெட்போனில் கேட்டு, குரல் உடைகிறதா, மங்குகிறதா என்று பார்த்து அளவைத் திருத்திவிட்டு, அந்தப் பதிவை உடனே அழித்துவிடுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் குரல் விறைத்துக்கொள்ளும், சும்மா பேசினால்தான் உண்மையான அளவு தெரியும் என்பது அவர் கட்சி. அப்படிப் பேசுகிறவர் வேறு ஆளாக இருப்பார். "இன்னிக்குச் சாப்பாட்டுல உப்பே இல்ல. சொன்னா வீட்டுல இடி விழும். அதனால மைக்குக்கிட்ட சொல்றேன்" என்பார். நான் சமையலறையிலிருந்து, "கேட்டுச்சு!" என்று கத்துவேன். "மைக் டெஸ்ட்ல சொன்னது கணக்குல சேராது!" என்று பதில் வரும். அது எங்கள் வீட்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது. நேராகச் சொல்ல முடியாததை ஆளுக்கு ஆள் அந்த மைக்கிடம் போய்ச் சொன்னோம். அவருடைய அக்கா பையனின் கல்யாணத்துக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை என்பதை நான் அங்கேதான் சொன்னேன். அம்மா பார்த்த பெண் தனக்கு வேண்டாம் என்று பேட்டரி அழுததும் அங்கேதான். அதை யாரும் வெளியே எடுத்துப் போனதில்லை.

அதனால் அன்று பேட்டரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ம், ஏதாவது பேசுங்க அண்ணி, காலையில என்ன சாப்டீங்க?" என்றபோது நான் பேசினேன்.

"காபி குடிச்சேன். சூடா இருந்துச்சு. அவருக்குக் கடைசியில காபி இறங்கல. ஸ்பூன்ல ஊத்துனா கன்னத்து வழியா வந்துடும். குழந்தைக்குக் கட்டுற மாதிரி கழுத்துல துண்டு கட்டுவேன். அது அவருக்குப் புடிக்காது. ஒருநாள் படுக்கையெல்லாம் அசிங்கமாயிடுச்சு. நான் விரிப்பை உருவுறேன், அவர் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழறார். 'யார்கிட்டயும் சொல்லாத, அம்மாவுக்குக்கூடத் தெரிய வேணாம்'ங்கறார். சொல்ல மாட்டேன்னேன். அவர் அழுது நான் பாத்ததே இல்ல. என் கையெல்லாம் நாத்தம், அந்தக் கையாலதான் தலையத் தடவினேன்..."

இன்னும் பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடித்தபோது என் மூக்கு ஒழுகியிருந்தது. பேட்டரி ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தான்.

"லெவல் சரியா இருக்கு அண்ணி" என்றான். "இன்னிக்குப் பாடம் வேணாம். நாளைக்குப் பண்ணுவோம்."

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அலுவலகக் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வரவேற்பில் உட்காரும் பெண் உள்ளே வந்தவள் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நேத்துப் பூரா அழுதேன் அக்கா. எங்க அப்பாவுக்கும் படுக்கையிலயேதான் எல்லாம். எப்படி அக்கா தாங்கினீங்க?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் கைப்பேசியைக் காட்டினாள்.

என் முகம். வாய் கோணி, மூக்கு நனைந்து, பாதிச் சொல்லில் நின்ற முகம். அதன் மேல் மஞ்சள் எழுத்தில், "படுக்கையில் கணவன்! மனைவி சொன்ன உண்மை!" என்று எழுதியிருந்தது. தோளுக்கு மேல், நான் எடுத்துப் போய்விட்ட அதே இடத்தில், அவர் படத்தைப் பிற்பாடு ஒட்டியிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் பாதி மறைந்து நின்றவர் அதில் முழுதாகத் தெரிந்தார். அவள் விரல் பட்டு அது ஓட ஆரம்பித்தது. அடியில் பியானோ. நான் "விரிப்பை உருவுறேன்" என்கிற இடத்தில் இசை மேலே எழுந்தது. கைகழுவும் தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன். அந்தப் பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கை என் மேல் பட்டதுகூடப் பிடிக்கவில்லை.

மேசைக்குத் திரும்பி, அந்த வீடியோவின் கீழே எழுதியிருந்ததையெல்லாம் என் கைப்பேசியில் படித்தேன். படிக்கக்கூடாது என்று தெரிந்தும் விரல் இழுத்துக்கொண்டே போனது. "அழுதாலும் அழகா இருக்கீங்க சிஸ்டர்." "ரப்பர் ஷீட் போட்டிருந்தா விரிப்பு வீணாகியிருக்காதே." "ஆளு குடிகாரனா இருந்திருப்பான், பாவம் இந்தம்மா." "எல்லாம் நடிப்பு." "குரல் தெளிவா இருக்கு, எந்த மைக்? வாங்கற லிங்க் போடுங்க." கைகூப்பும் பொம்மைகள், உடைந்த இதயங்கள், அழுது வழியும் மஞ்சள் மூஞ்சிகள், ஈ மொய்த்தது போல. அவர் என்னிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னதை ஆளுக்கு ஒரு வாய் கடித்துப் பார்த்திருந்தார்கள்.

அனுமதி கேட்டுக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். பேட்டரி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, ஏதோ பொரித்ததைத் தின்றபடி மணமகள் ஒருத்தியின் முகத்தில் பருக்களை அழித்துக்கொண்டிருந்தான். எண்ணெய் விரல் மவுஸில் பளபளத்தது.

"அழி" என்றேன்.

"அண்ணி! வாங்க, உக்காருங்க. நானே வரலாம்னு..."

"அழின்னு சொன்னேன்."

"கோவப்படாதீங்க. பர்ஸ்ட் நானும் யோசிச்சேன். ஆனா அதைத் திரும்பக் கேட்டப்ப எனக்கே அடக்க முடியல. என் அண்ணன் இவ்ளோ கஷ்டப்பட்டானான்னு. ஊருக்குத் தெரியட்டுமேன்னு..."

"கேமராவ ஏன் ஓட விட்ட? முகத்தைச் சேர்க்கலன்னியே."

"அது... பழக்கம் அண்ணி. கல்யாண வீட்டுல எப்பவும் ஒண்ணு ஓடிட்டே இருக்கும். எது எப்ப வரும்னு தெரியாதுல்ல."

"மைக் டெஸ்ட்ல சொன்னது கணக்குல சேராது. நீயும் அங்க உக்காந்து அழுதிருக்க. உங்க அண்ணன் அதைப் போட்டாரா?"

முகம் கறுத்தது. தின்பதை நிறுத்தினான். ஒரு நொடி அவன் புரிந்துகொண்டான் என்றுதான் நினைத்தேன். உடனே கால் ஆட ஆரம்பித்தது. "நான் அழிச்சிடுவேன் அண்ணி. ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்கதான் அழிக்க வேணாம்கறாங்க."

கீழே போனேன். அவனும் பின்னாலேயே வந்தான். என் மாமியார் கட்டிலில் சாய்ந்து, கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். என் குரல் அதிலிருந்து கசிந்தது. என் சொந்தக் குரல் ஒரு கிழிந்த தாளைப் போல அறையில் அடித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, அதை நிறுத்துங்க."

நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரிய வேணாம்னா சொன்னான்?"

"ஆமா அத்தை."

"ஊரே கேட்டாச்சு. பெத்தவ நான் கடைசியாக் கேட்டேன். அதுவும் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லி." கைப்பேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இதை எடுக்கச் சொல்லத்தான் வந்தியா? எடுக்க விடமாட்டேன். என் புள்ள இதுலதான் இருக்கான்."

"அவர் குரல் பாடத்துலயெல்லாம் இருக்கே."

"அதுல சுவரைப் பத்திப் பேசுறான். எனக்கெதுக்கு சுவர்?"

மகன் எப்படிப் போனான் என்று இந்த அம்மாளிடம் நான் சொன்னதே இல்லை. "தூக்கத்துலயே போயிட்டார்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவருக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் சொன்னேன். இப்போது அவர் மறைக்கச் சொன்னதை இவர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார், பியானோவோடு.

"அத்தை, நான் சொல்றேன். எல்லாத்தையும். நீங்க என்ன கேட்டாலும் சொல்றேன். அதுக்கப்புறம் இது வேணாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மகனைப் பார்த்தார். பேட்டரியின் கை சட்டைப் பைக்குள், போன் மேல் இருந்தது. அவன் எதையும் செய்யவில்லை, சும்மாதான் வைத்திருந்தான் என்றுதான் இப்போதும் நம்ப விரும்புகிறேன். ஆனால் மூன்று பேரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம்.

"டேய், போனைக் குடு" என்றார் அத்தை.

"அம்மா, நான் ஒண்ணும்..."

"குடுடா."

அவனுடையதையும் தன்னுடையதையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். "கொண்டுபோய் அந்த ஃபிரிட்ஜ்ல போட்டு மூடு. அதுங்களுக்கும் காது இருக்கும்." அதோடு என்னுடையதையும் போட்டு மூடினேன். பேட்டரி சிரிக்கப் பார்த்தான். யாரும் சேர்ந்து சிரிக்காததால் வெளியே போய்விட்டான்.

நான் கட்டிலில் ஏறி, அவர் காதுப் பக்கமாக உட்கார்ந்தேன். தூக்கத்தில் போனார் என்று மனப்பாடமாகி இருந்ததைச் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது. மருந்து போட்டா கொஞ்சம் அடங்கும்."

"நீ முகம் சுளிச்சியா?"

"மொதல்ல மூச்சைப் புடிச்சுக்குவேன். அப்புறம் பழகிடுச்சு."

"தெரிஞ்சுதா அவனுக்கு?"

"தெரிஞ்சிருக்கும். ஜன்னலைத் தொற, உனக்குக் காத்து வரட்டும்பார்."

அவர் சிறிது நேரம் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"என்னைக் கூப்பிட்டானா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு எளிது. பேட்டரியின் வீடியோவில் அப்படித்தான் இருந்திருக்கும், இசையும் எழுந்திருக்கும்.

"இல்ல அத்தை. யாரையும் கூப்பிடல. தண்ணி கேட்டார்."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எறங்குச்சா?"

"கொஞ்சம் எறங்குச்சு. மிச்சம் வெளிய வந்துடுச்சு. தொடச்சேன்."

வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழுதார். சத்தம் வரவில்லை. பதிவுசெய்திருந்தால் அதில் ஒன்றும் கேட்டிருக்காது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைக் கூப்பிடலன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றியே, உனக்கு எவ்ளோ நெஞ்சழுத்தம்!" என்றார். என் கையை மட்டும் விடவில்லை. அப்படியே, "டேய்! உள்ள வாடா!" என்று கத்தினார்.

பேட்டரி வந்தான்.

"அழி."

"அம்மா, நீதானே வேணாம்ன. இப்பதான் நல்லா மேல ஏறிட்டிருக்கு..."

"என்னது ஏறுது?"

"பாக்கறவங்கம்மா."

"உங்க அண்ணன் அசிங்கத்துல கெடக்கறதை எட்டிப் பாக்க ஆளு ஏறுதா? எறக்கி விடு எல்லாரையும்."

கைப்பேசி ஃபிரிட்ஜிலிருந்து வேர்த்துக்கொண்டு வந்தது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அழுகையா, கோபமா, எனக்குத் தெரியவில்லை, அக்கறையும் இல்லை. "'நிச்சயமாக அழிக்கவா'ன்னு கேக்குது" என்றான்.

"ஆமான்னு சொல்லு."

அழித்தான். ஆனால் நிமிரவில்லை. "அண்ணி, ஒண்ணு சொல்லணும். வேற ரெண்டு மூணு பேர் ஏற்கெனவே வெட்டி எடுத்துப் போட்டிருக்காங்க. அது என் கையில இல்ல."

புகார் எழுதினோம். ஒன்று போனது, வேறு ஒன்று வந்தது. இப்போதும் எங்கோ என் வாய் கோணியபடி திறந்திருக்கிறது, முன்பின் தெரியாத யாரோ இரவுச் சாப்பாட்டுக்கு நடுவே அவருடைய விரிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கில் எண்ணெய் படிந்தது போல இருக்கும். கழுவினால் போவதில்லை.

வீடியோவை அழித்த மறுநாள் பேட்டரி தன் பொருள்களை எடுத்துப் போக வந்தான். கேமராவையும் வட்ட விளக்கையும் நானே கழற்றிப் பையில் போட்டு வைத்திருந்தேன். மைக்கை மட்டும் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. திரையில் படியின் படம் திறந்திருந்தது.

"முகம் இல்லாமயே பண்ணப் போறீங்களா?"

"ம்."

"படிதானே அண்ணி. வெறும் கோடு. யாரும் பாக்க மாட்டாங்க."

"படி கட்டறவங்க பாப்பாங்க" என்றேன். அவன் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு, விசிறியை நிறுத்தினேன்.